தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா, ஃபர்னஸா? எந்தக் கட்டத்தில் டெக்னீஷியனைக் கூப்பிடுவது?

வார்டன்_வாசி எழுதியது:

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இரண்டு மாடி வீடு. வீட்டைச் சூடாக்குவது ஹை எஃபிஷியன்சி கேஸ் ஃபர்னஸ்; இரண்டு வெள்ளை பிவிசி குழாய்கள் பக்கச் சுவர் வழியாக வெளியே போகின்றன. சுவரில் இருப்பது சாதாரண டிஜிட்டல் தெர்மோஸ்டாட், இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடுவது.

21-இல் வைத்தால் வீடு 18, 18.5-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. திரையில் ஹீட் ஓடுவதாகத்தான் காட்டுகிறது. வென்ட்டில் கை வைத்தால் கொஞ்ச நேரம் சூடு, கொஞ்ச நேரம் வெறும் காற்று. போதாததற்கு இந்த வாரம் இரண்டு தடவை திரையே அணைந்து, தானாக மறுபடி வந்தது.

முகப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஆரில் சிவப்பு, டபிள்யூவில் வெள்ளை, ஒய்யில் மஞ்சள், ஜியில் பச்சை. நீல வயர் ஒன்று எதிலும் சேராமல் சுருட்டி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. மல்டிமீட்டர் கைவசம் உண்டு.

டெக்னீஷியன் வாசலை மிதித்தாலே ஒரு கட்டணம். பேட்டரி மாற்றிவிட்டுப் போவதற்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதே சமயம் கேஸ் சம்பந்தப்பட்ட பொருளில் விளையாடவும் பயம். நானே எதுவரை பார்க்கலாம்? எங்கே கையை எடுத்துவிட வேண்டும்?


240வோல்ட் எழுதியது:

உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டைத் தொடும் முன்னால் அது எந்த வகை என்று தெரிய வேண்டும்.

மெல்லிய வயர்கள் நான்கைந்து, ஒவ்வொன்றும் ஒரு நிறம், பக்கத்தில் ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்று எழுத்து. இது 24 வோல்ட். ஃபர்னஸுக்குள் இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 ஆகக் குறைத்து அனுப்புகிறது. பெரும்பாலும் 40 விஏ அளவு. இதில் தவறு செய்தால் ஃப்யூஸ் போகும், ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். ஆள் போக மாட்டார்.

சுவர் ஓரமாக மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள வீடுகளில் கதையே வேறு. தடித்த வயர் இரண்டோ நான்கோ, முனையில் வயர் நட், பின்னால் உலோக அல்லது பிளாஸ்டிக் எலக்ட்ரிக்கல் பெட்டி. அதில் பாய்வது நேரடியாக 240 வோல்ட். கீழே யாராவது ஜம்பர் வயர் (இரண்டு முனைகளை நேரே இணைக்கும் துண்டு) பற்றிச் சொல்லப் போகிறார்கள். அதை இந்த வகையில் செய்து பார்க்கவே கூடாது. முகப்பு சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் பேனலில் அந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, இஎஸ்ஏ (ஒன்டாரியோ மின் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த வகையில் இன்னொரு சிக்கல்: இரண்டு வயர் தெர்மோஸ்டாட் பல, 240-இன் இரண்டு மின்வயர்களில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும். ஹீட்டர் அணைந்திருந்தாலும் மற்ற வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

சுவரில் பழைய உருண்டை வடிவம் இருந்தால், உள்ளே சின்னக் கண்ணாடிக் குமிழில் வெள்ளி நிறத்தில் ஆடுவது பாதரசம். அது வேலை செய்ய நீர்மட்டம் வைத்ததுபோல் நேராக இருக்க வேண்டும்; பெயின்ட் அடித்தவர் சாய்த்து மாட்டியிருந்தால் வெப்பநிலைக் கணக்கு தவறும். கழற்றினால் குப்பையில் போடாதீர்கள். நகராட்சியின் அபாயக் கழிவு டிப்போவில் வாங்கிக்கொள்வார்கள்.


நீலச்சுடர் எழுதியது:

வார்டன், உங்கட கேள்விக்கு ரண்டு அங்குல வயர்த் துண்டு ஒண்டு பதில் சொல்லும். அதுக்கு முதல் சில்லறை விசயங்களை முடிச்சுவிடுவம்.

திரை அணைஞ்சு வாறதைப் பற்றி: உங்கட தெர்மோஸ்ரற்றிலை சி வயர் (ஃபேர்னஸிலை இருந்து தெர்மோஸ்ரற்றுக்குத் தொடர்ந்து கரண்ட் கிடைக்கச் செய்யிற வயர்) இல்லை, முழுக்க பற்றரியிலை ஓடுது. அப்ப திரை அணையிறதுக்கும் ஃபேர்னஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குற்றம் பற்றரியிலை, இல்லாட்டி பற்றரி இருக்கிற தகட்டிலை. பச்சையாயோ வெள்ளைத் தூளாயோ ஏதும் பிடிச்சிருந்தால் காய்ஞ்ச பழைய ரூத் பிரஷ்ஷாலை சுரண்டி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெளியிலை இழுத்துவிடுங்கோ. புது அல்கலைன் பற்றரி ரண்டையும் ஒண்டாய் மாத்துங்கோ, பழசோடை புதுசைக் கலக்கவேண்டாம். ஆனா சி வயர் போட்ட, பற்றரி இல்லாத தெர்மோஸ்ரற் அணைஞ்சால் அது 24 வோல்ற் பக்கத்துக் குறைபாடு: ஃபியூஸ், ஃபேர்னஸ் கதவு, கொண்டென்சேற் ஃப்ளோட் ஸ்விச், ட்ரான்ஸ்ஃபோமர். ரண்டையும் குழப்பிக்கொண்டுதான் முக்காவாசிப் பேர் நல்ல தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறியினம்.

ஃபான் ஓட்டோவிலை நிக்குதோ, ஒன்னிலை நிக்குதோ பாருங்கோ. ஒன்னிலை எண்டால் பேர்ணர் எரியாத நேரமும் காத்து வரும், அது குளிராத்தான் இருக்கும். ஓட்டோவிலை இருந்தும் வெறுங்காத்து வருதெண்டால் அதுதான் விசயம்.

வெளியிலை போற பிவிசி குழாய் ரண்டின்ரை வாயிலும் ஸ்னோ, ஐஸ், இலை அடைச்சிருக்குதோ? கையாலை எடுங்கோ, சவளாலை இடிச்சுக் குழாயை உடைக்கவேண்டாம்.

இனி ஜம்பர். ஃபேர்னஸுக்குப் பக்கத்திலை லைற் ஸ்விச் மாதிரி ஒண்டு இருக்கும், அதை அணையுங்கோ. தெர்மோஸ்ரற் முகப்பைக் கழட்டி, சிவப்பையும் வெள்ளையையும், அதாவது ஆரையும் டபிள்யூவையும், அந்தச் சின்ன வயர்த் துண்டாலை சேருங்கோ. தெர்மோஸ்ரற் செய்யிற வேலை முழுக்க அவ்வளவுதான்: குளிரேக்கை ரண்டையும் சேர்க்கிறது, சூடானாப் பிரிக்கிறது. ஆரையும் சியையும் மட்டும் ஒருநாளும் சேர்க்கப்படாது, அது நேரடி ஷோட். இப்ப ஸ்விச்சைப் போட்டிட்டு ஃபேர்னஸுக்குப் பக்கத்திலை போய் நிண்டு காது குடுங்கோ.

முதல் சின்ன மோட்டர் ஒண்டு சுத்தும், அது இன்டியூசர், புகையை இழுக்கிறது. பிறகு பிரெஷர் ஸ்விச் டிக் எண்டு மூடும். கண்ணாடி ஓட்டையாலை பாத்தா இக்னைற்றர் செம்மஞ்சளாய்க் கனலும். பிறகு காஸ் வால்வ் திறந்து நீலச் சுவாலை. அதுக்குப் பிறகு 30, 45 செக்கன் போனாத்தான் பெரிய ஃபான் தொடங்கும். இந்த ஒழுங்கு எந்த இடத்திலை நிக்குதெண்டு குறிச்சு வையுங்கோ, வாற ரெக்னீஷியனுக்கு அரை வேலை முடிஞ்சுது.

பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஒழுங்கா எரிஞ்சு சூடு தந்தால் தெர்மோஸ்ரற்தான் பிழை. ஆளைக் கூப்பிட வேண்டாம், நீங்களே புதுசு வாங்கிப் பூட்டலாம். ஒண்டுமே நடக்காட்டி அதே ஆரையும் டபிள்யூவையும் ஃபேர்னஸுக்குள்ளை இருக்கிற சர்க்கிட் போட்டிலை (போர்டு) சேர்த்துப் பாருங்கோ: ஸ்விச்சை அணைச்சு, கதவைத் திறந்து, வயரைப் பூட்டி, கதவை மூடி, பிறகு ஸ்விச்சைப் போடுங்கோ. கதவுக்குள்ளை பாதுகாப்பு ஸ்விச் ஒண்டு இருக்கு. அதை ரேப் ஒட்டி அழுத்தி வைக்கிற வேலை வேண்டாம். அங்கை எரிஞ்சால் இடையிலை வயர் அறுந்திருக்கு. அங்கையும் எரியாட்டி ஃபேர்னஸ் பிழை.

எரிஞ்சு பிறகு தானாய் நிண்டால் தெர்மோஸ்ரற் நிரபராதி. கையை எடுக்கிற இடம் அதுதான்.

ஜம்பர் இருக்கிற மட்டும் ஃபேர்னஸுக்கு நிப்பாட்டுறது எப்ப எண்டு சொல்ல ஆளில்லை. பாத்து முடிச்ச உடனை கழட்டுங்கோ, பூட்டிவிட்டிட்டு நித்திரைக்குப் போகவேண்டாம்.


சி_வயர் எழுதியது:

மீட்டர் வைத்திருக்கிறீர்கள், ஆகவே ஜம்பரைவிட நுட்பமான ஒன்று. மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள், டிசியில் அல்ல. அடித்தட்டில் ஆருக்கும் டபிள்யூவுக்கும் நடுவே, ஹீட் கேட்காத நேரத்தில் 24 முதல் 28 வோல்ட் வரை காட்ட வேண்டும். இப்போது செட்டிங்கை ஐந்து டிகிரி ஏற்றுங்கள். டிக் சத்தம் கேட்டு மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்தால் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இணைக்கிறது. சத்தம் கேட்கிறது, ஆனால் 24 அப்படியே நிற்கிறது என்றால் உள்ளே ரிலே காண்டாக்ட் போய்விட்டது. சில மாடல்களில் ஹீட்டுக்கும் ஐந்து நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள்; எண் மின்னிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

அந்த நீல வயரைப் பாதுகாத்து வையுங்கள். பின்னாளில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினால் அதுதான் சி வயர். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள். ஃபர்னஸ் போர்டில் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். பெரும்பாலும் அங்கேயும் சுருட்டித்தான் விட்டிருப்பார்கள். சி வயர் இல்லாமல் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போட்டவர்கள் வீட்டில்தான் வைஃபை அறுவது, ஃபர்னஸ் போர்டு டிக் டிக் என்று அடிப்பது, நள்ளிரவில் பேட்டரி இறங்கி வீடு குளிர்வது எல்லாம். அது பழுது அல்ல, பட்டினி. ஐந்தாவது வயர் இல்லாத வீட்டுக்கு, டொராண்டோ கம்பெனியான எக்கோபீயின் பல மாடல்களோடு பவர் எக்ஸ்டெண்டர் கிட் வருகிறது. அதை ஃபர்னஸ் பக்கத்தில் பூட்ட வேண்டும்.

முதல், இரண்டாம் தலைமுறை நெஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு: 2025 அக்டோபர் 25-இலிருந்து கூகுள் அவற்றை ஆப்பிலிருந்து விலக்கிவிட்டது. ஃபோனில் தெரியவில்லை என்று டெக்னீஷியனைக் கூப்பிடாதீர்கள். சுவரில் கையால் திருப்பினால் வேலை செய்யும்.

"அடிக்கடி ஆன் ஆகி ஆஃப் ஆகிறது" என்ற புகாரில் பாதிக்கு இன்ஸ்டாலர் மெனுதான் காரணம். மணிக்கு எத்தனை சுற்று என்று ஓர் எண் இருக்கும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட எஃபிஷியன்சி உள்ள கேஸ் ஃபர்னஸுக்கு ஹனிவெல் சொல்வது 3. பழைய ஃபர்னஸுக்கு 5. மின்சார ஹீட்டருக்கான எண்ணில் விட்டுவைத்தால் ஃபர்னஸ் ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

வீடு 18 என்று எது சொல்கிறது, தெர்மோஸ்டாட்டா, தனி தெர்மாமீட்டரா? தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி, கால் மணி நேரம் யாரும் கிட்டே போகாமல் விட்டுப் பாருங்கள். அரை டிகிரி வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு டிகிரி தப்பென்றால் முதலில் பின்னால் வயர் வரும் ஓட்டையைப் பாருங்கள். சுவர்க்குழியிலிருந்து குளிர்காற்று நேரே சென்சார்மேல் அடிக்கும். கொஞ்சம் பஞ்சோ பட்டியோ வைத்து அடைத்தால் தீர்ந்தது.


வார்டன்_வாசி எழுதியது:

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பேட்டரித் தகட்டில் பச்சை இருந்தது. சுரண்டி, புதிய பேட்டரி போட்ட பிறகு திரை அணையவில்லை. ஃபேன் ஆட்டோவில்தான் இருக்கிறது. குழாய் வாய் சுத்தம். மீட்டரில் 26.4, ஹீட் கேட்டதும் பூஜ்யம்.

ஆர், டபிள்யூ ஜம்பர்: நீலச்சுடர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. சுமார் நான்கு நிமிடத்தில் சுவாலை நின்றது, பெரிய ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி தானாகப் பற்றியது. சுவாலை நிற்கும்போது போர்டில் சிவப்பு விளக்கு நான்கு முறை மின்னுகிறது.


நீலச்சுடர் எழுதியது:

அப்ப உங்களுக்கு ரண்டு வருத்தம் ஒண்டாய் வந்திருக்கு, அவ்வளவுதான். பற்றரி ஒண்டு, ஃபேர்னஸ் ஒண்டு. தெர்மோஸ்ரற் வாங்கக் கடைக்குப் போகவேண்டாம்.

கதவின்ரை உள்பக்கத்திலை ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கோ. பல போட்களிலை நாலு மின்னல் எண்டால் ஹை லிமிற் ஸ்விச் (உள்ளை சூடு மிஞ்சினால் காஸை நிப்பாட்டுற பாதுகாப்பு ஸ்விச்) திறந்திருக்கு எண்டு அர்த்தம், ஆனா கம்பனிக்குக் கம்பனி மாறும். இன்னொண்டு, கண்ணாடி ஓட்டையாலை எண்ணி முடிச்ச பிறகு கதவைத் திறவுங்கோ. கதவு திறந்தால் கரண்ட் போகும், சில போட்டிலை மின்னல் கணக்கும் அழிஞ்சுபோம்.

லிமிற் திறக்கிறது ஏனெண்டால் ஹீற் எக்ஸ்சேஞ்சருக்கு (சுவாலை சூடாக்கிற உலோகக் கூடு) மேலாலை போற காத்து காணாது. சூட்டை வீட்டுக்குள்ளை கொண்டுபோக ஆளில்லை, உள்ளை வெக்கை ஏறுது, லிமிற் காஸை நிப்பாட்டி ஃபானை மட்டும் ஓடவிடுது. நீங்கள் வென்ற்றிலை பிடிச்ச வெறுங்காத்து அதுதான். 21-ஐ எட்டாததும் அதாலைதான்: மணித்தியாலத்திலை பாதி நேரம் நெருப்பே இல்லை.

முதல் ஃபில்ரர். கழட்டி வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. மறுபக்கம் வெளிச்சம் தெரியாட்டி அதுதான் ஆள். ஒரு அங்குல ஃபில்ரரிலை மெர்வ் 13 (மெர்வ் எண்டால் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் எண்ட அளவு) போடுறவை கனபேர், தூசி பிடிக்கிறது நல்லம் எண்டு. ஒரு அங்குலத்துக்கு அது நல்லா இறுக்கம், மூச்சு முட்டும். மெர்வ் 8 காணும். குளிர்காலத்திலை மாசத்துக்கு ஒருக்கா பாருங்கோ. அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பாக்கவேணும். ஃபில்ரர் இல்லாமல் அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாக்கிறதிலை பிழையில்லை, நாள் முழுக்க ஓடவிட்டால் தூசி முழுக்க மேலை இருக்கிற ஏசி கொயிலிலை (காயில்) போய் ஒட்டும்.

பிறகு வீட்டைச் சுத்தி நடவுங்கோ. எத்தினை வென்ற் மூடியிருக்கு, சோபா எந்த ரிட்டர்ன் கிறில்லுக்கு (காத்தை ஃபேர்னஸுக்குத் திருப்பி இழுக்கிற வாய்) முன்னாலை கிடக்கு. பாவிக்காத அறை எண்டு நாலஞ்சு வென்ற்றை மூடிவிட்டால் காஸ் மிச்சமாகாது, லிமிற்தான் அடிக்கடி திறக்கும்.

அதுக்குப் பிறகும் நிண்டால் ஒரு அளவை எடுங்கோ. ஃபேர்னஸ் நேம் பிளேற்றிலை ரெம்பரேச்சர் ரைஸ் (ஃபேர்னஸுக்குள்ளாலை போகேக்கை காத்திலை கூடுற சூடு) எண்டு ஒரு வீச்சு போட்டிருக்கும், உதாரணத்துக்கு 35 முதல் 65 ஃபாரன்ஹைற் டிகிரி. ஃபில்ரருக்குக் கிட்ட ரிட்டர்ன் காத்து எத்தினை, ஃபேர்னஸுக்கு ஆகக் கிட்டவான வென்ற்றிலை எத்தினை எண்டு இறைச்சிக்குக் குத்துற தெர்மோமீற்றராலை பாக்கலாம். ரிட்டர்ன் 18, வென்ற் 60 செல்சியஸ் எண்டால் வித்தியாசம் 42, அதாவது 75 ஃபாரன்ஹைற்றுக்கு மேலை. வீச்சைத் தாண்டிற்றுது, காத்து காணாது எண்டு நிச்சயம்.


240வோல்ட் எழுதியது:

ஃபில்டர் புதிது, வென்ட் எல்லாம் திறந்திருக்கிறது, அப்படியும் லிமிட் திறக்கிறது என்றால் மிச்சமிருப்பவை: ஃபேன் மோட்டார் வேகம் குறைந்திருப்பது, அதன் கெபாசிட்டர் தளர்ந்திருப்பது, ஃபேன் சக்கரத்தில் தூசி மெழுகிக்கிடப்பது, ஏசி காயில் அடைத்திருப்பது, லிமிட் ஸ்விட்சே கெட்டிருப்பது. இதில் எதுவும் வீட்டுக்காரர் செய்யும் வேலை இல்லை. கெபாசிட்டரை ஸ்விட்ச் அணைத்த பிறகும் தொட்டால் அடிக்கும். லிமிட் ஸ்விட்ச்சை வயர் வைத்து நேராக இணைத்துவிடு என்று எந்த வீடியோவாவது சொன்னால் அதை மூடிவிடுங்கள்.

உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் ஃப்யூஸ் பற்றி ஒன்று. வயரைக் கையாளும்போது ஸ்விட்ச்சை அணைக்காமல் ஆர் எதிலாவது பட்டுவிட்டால் போர்டில் இருக்கும் கார் ஃப்யூஸ் போகும். ஊதா என்றால் 3 ஆம்ப், மங்கலான பழுப்பு 5 ஆம்ப். போர்டில் எழுதியிருப்பதையே போடுங்கள். கேனடியன் டயர் கடையில் ஒரு பொட்டலமாகவே கிடைக்கும். புதிது போட்டதும் உடனே போனால் எங்கோ ஷார்ட். வெளியே ஏசி யூனிட்டுக்குப் போகும் மெல்லிய இரட்டை வயரை முதலில் சந்தேகப்படுங்கள். புல் வெட்டும் மெஷின் அறுத்திருக்கும், எலி கடித்திருக்கும். ஸ்விட்ச்சை அணைத்து அந்த இரண்டையும் போர்டிலிருந்து பிரித்துவிட்டுப் புது ஃப்யூஸ் போடுங்கள். நின்றால் குளிர்காலம் முழுவதும் ஹீட் ஓட்டலாம், ஏசியை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் போனால் ஆளைக் கூப்பிட வேண்டும். 3 போகிறதே என்று 10 போட்டால் அடுத்துப் போவது ட்ரான்ஸ்ஃபார்மர்.


கீழ்த்தளம் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம், தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரர் ஹாலில். அங்கே 22, இங்கே 17. தெர்மோஸ்டாட் பழுது என்று சொன்னால் இல்லவே இல்லை என்கிறார். அதோடு ஒருநாள் இரவு மேலே ஃபர்னஸ் நிற்காமல் ஓடி 27 வரை போனதாம். இது எந்தக் கணக்கு?


சி_வயர் எழுதியது:

இரண்டும் வேறு வேறு. மேலே 22 வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொல்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது. கீழே போதுமான காற்று வராதது டக்ட் (காற்றுக் குழாய்) விவகாரம். பேஸ்மென்ட் கூரையில் ஓடும் உருண்டை டக்ட்டுகளில் சின்னக் கைப்பிடி இருக்கும். டக்ட்டின் திசைக்கு இணையாக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. மேல் மாடிக்குப் போவதைக் கொஞ்சம் மூடி, கீழே வருவதை முழுதாகத் திறக்க வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். டொராண்டோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். உங்கள் அறையில் தெர்மாமீட்டர் வைத்து, தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். நகராத பட்சத்தில் நகராட்சியின் 311 எண். நீங்களாகத் தெர்மோஸ்டாட்டையோ ஃபர்னஸையோ திறக்க வேண்டாம், வாடகைதாரர் கை வைத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

27 வரை ஓடியது உண்மையானால் அதுதான் கவலைப்பட வேண்டியது.


நீலச்சுடர் எழுதியது:

ஓம், அது சில்லறை விசயமில்லை. திரும்ப நடந்தால் வீட்டுக்காரரை தெர்மோஸ்ரற் முகப்பைச் சுவரிலை இருந்து இழுத்துக் கழட்டச் சொல்லுங்கோ. கழட்டின உடனை பேர்ணர் நிண்டால் தெர்மோஸ்ரற்றுக்குள்ளை ரிலே ஒட்டிப்போச்சு, புதுசு போடவேணும். கழட்டியும் எரிஞ்சுகொண்டிருந்தால் சுவருக்குள்ளை ஆரும் டபிள்யூவும் ஆணியிலையோ ஸ்ரேப்பிளிலையோ நசிஞ்சு ஒட்டியிருக்கவேணும், இல்லாட்டி போட் பிழை. அந்த இடத்திலை யோசிக்க ஒண்டுமில்லை: ஃபேர்னஸ் ஸ்விச்சை அணைச்சு, ஜி2 (காஸ் வேலைக்கான) லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கோ. ஸ்விச்சை அணைச்சும் சுவாலை நிக்காட்டி காஸ் குழாயிலை இருக்கிற மஞ்சள் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்கை திருப்பிவிடவேணும்.

எல்லாருக்கும் சேர்த்து: காஸ் மணத்தால் ஸ்விச் ஒண்டையும் தொடாமல் வெளியிலை போய், வெளியிலை நிண்டு 911-க்கோ காஸ் கம்பனி என்பிரிட்ஜின்ரை அவசர இலக்கத்துக்கோ அடியுங்கோ. கார்பன் மொனொக்சைட் அலாரம் அடிச்சாலும் அதேதான், ஜன்னல் திறந்துவிட்டு இருந்து பாக்கிறதில்லை. பேர்ணருக்குப் பக்கத்திலை சின்னப் பொத்தான் வைச்ச ரோல் அவுட் ஸ்விச் இருக்கு. அது விழுந்திருந்தால் சுவாலை வெளியிலை தள்ளியிருக்கு எண்டு கருத்து. அமத்தி றீசெற் பண்ணி ஓட்டவேண்டாம்.

இன்னுமொரு கூட்டம் இருக்கு: ஹீற் பம்ப் வைச்சிருக்கிறவை. அவையின்ரை தெர்மோஸ்ரற்றிலை ஓ/பி எண்டு ஒரு வயர் கூட இருக்கும். அந்த செற்றிங் மாறினால் ஹீற் கேட்கக் குளிர் வரும். அங்கை ஆர், டபிள்யூ ஜம்பர் உதவி ஹீற்றரை மட்டும்தான் எழுப்பும், பம்பைப் பற்றி ஒண்டும் சொல்லாது. ஏ, பி, சி, டி எண்டு எழுத்துப் போட்ட, ஃபேர்னஸோடை பேசுற வகைத் தெர்மோஸ்ரற்றையும் கடையிலை வாங்கின சாதாரணமானதாலை மாத்த ஏலாது. ரண்டுக்கும் தெரிஞ்ச ஆள் வேணும்.


வார்டன்_வாசி எழுதியது:

ஃபில்டர் கறுப்பாக இருந்தது, மாற்றினேன். மூடியிருந்த மூன்று வென்ட்டுகளையும் திறந்தேன். இப்போது நான்குக்குப் பதில் ஏழெட்டு நிமிடம் எரிகிறது, பிறகு அதே நான்கு மின்னல். ரிட்டர்ன் 19, வென்ட் 58. நேம் பிளேட்டில் 35 முதல் 65 ஃபாரன்ஹைட் என்றுதான் போட்டிருக்கிறது. கூப்பிட்டுவிடுகிறேன். ஃபோனில் என்ன சொல்ல வேண்டும்?


நீலச்சுடர் எழுதியது:

வித்தியாசம் 39, எண்டால் 70 ஃபாரன்ஹைற். முந்தி இன்னும் கூட இருந்திருக்கும். ஃபில்ரர் பாதிக் குற்றவாளி, மிச்சம் ஃபானிலையோ ஏசி கொயிலிலையோ.

"தெர்மோஸ்ரற் வேலை செய்யேல்லை" எண்டு சொல்லிக் கூப்பிடாதேங்கோ. புதுத் தெர்மோஸ்ரற்றோடை வந்து நிப்பினம். இப்பிடிச் சொல்லுங்கோ: ஹை லிமிற் திறக்குது, நாலு மின்னல், புது ஃபில்ரர், வென்ற் எல்லாம் திறந்திருக்கு, ரைஸ் 70, ஆரையும் டபிள்யூவையும் சேர்த்தும் அதே மாதிரி. கதவுக்கு உள்ளை இருக்கிற ஸ்ரிக்கரிலை மொடல், சீரியல் இலக்கம் பாத்துக் குடுங்கோ, கெபாசிற்றரையோ மோட்டரையோ வண்டியிலை ஏத்திக்கொண்டு வருவினம். கம்பனி ரீஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின்ரை தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு உள்ளதோ, வாறவருக்கு ஜி2 இருக்கோ, வந்து பாக்கிற காசு திருத்தக் கூலியிலை கழிபடுமோ எண்டு முதலே கேளுங்கோ. ஃபேர்னஸ் வாடகைக்கு எடுத்ததெண்டால் வேறை ஆரையும் கூப்பிடாமல் ஒப்பந்தக் கம்பனிக்கே அடியுங்கோ, திருத்தம் அதுக்குள்ளை அடங்கியிருக்கலாம்.

லிமிற் கனகாலம் இப்பிடித் திறந்து மூடினால் ஹீற் எக்ஸ்சேஞ்சர் கீறல் விட்டு வெடிக்கிறது உண்டு, அதனாலை அதையும் பாக்கச் சொல்லுங்கோ. வெடிப்பு எண்டு சொன்னால் கமராவிலை எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கோ. மெய்யாய் ஆபத்தெண்டால் டாக் (எச்சரிக்கைச் சீட்டு) போடுவினம்: ஏ டாக் எண்டால் உடனை நிப்பாட்டுறது, பி டாக் எண்டால் திருத்த ஆகக்கூடினது 45 நாள். படமும் இல்லாமல் டாக்கும் இல்லாமல் "புது ஃபேர்னஸ் போடுங்கோ, இண்டைக்குக் கையெழுத்து வைச்சால் விலைக்கழிவு" எண்டால் பாத்த காசைக் குடுத்து அனுப்பிப்போட்டு வேறை ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ.


240வோல்ட் எழுதியது:

ஆள் வரும்வரை 21-இல் வைக்காமல் 18-இல் வைத்து விடுங்கள், லிமிட் அவ்வளவு அடிக்கடி திறக்காது. ஸ்பேஸ் ஹீட்டர் போட்டால் நேரே சுவர் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் கார்டில் வேண்டாம். 1500 வாட் ஹீட்டர் ஒன்றே 15 ஆம்ப் பிரேக்கரில் 12.5 ஆம்ப் இழுக்கும். அதே பிரேக்கரில் இரண்டாவதைச் செருகினால் இருட்டில் உட்கார வேண்டியதுதான்.